சிறந்த தந்தையின் பக்கத்து வீடு

கிளைட்டன் தன் மகளுக்குத் தலை சீவிவிட்ட அன்று மரியந்தை தெருவில் போக்குவரத்து நின்றது.

வாசல்படியில் உட்கார்ந்து, இரண்டரை வயது டெல்பினாவை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு, சீப்பைத் திருப்புளி பிடிப்பதுபோலப் பிடித்து, வகிடு என்ற பெயரில் ஒரு மலைப்பாதை போட்டுக்கொண்டிருந்தான். மீன் வாங்கக் கிளம்பிய எதிர்வீட்டு விஜிலா கூடையோடு நின்றுவிட்டாள். பால்காரர் வண்டியை அணைத்தார். மாதா கோயிலில் காலைத் திருப்பலி முடிந்து வந்த ஆக்னஸ் டீச்சருக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

"பாருங்க, ஆம்பளப் பிள்ளை! தாய்க்குத் தாயா இருந்து பாக்கான்!"

பக்கத்து வீட்டு வாசலில் முப்பிடாதி தன் இரண்டாவது மகளுக்கு இரட்டைச் சடையில் ரிப்பன் கட்டிக்கொண்டிருந்தாள். மூத்தவளுக்கு அப்போதுதான் முடித்திருந்தாள். நடுவில் எழுந்துபோய் அடுப்பை அணைத்து, தோசை மாவு வாங்க வந்த இரண்டு பேருக்குப் பாக்கெட் எடுத்துக் கொடுத்துவிட்டு வந்து, விட்ட இடத்திலிருந்து பின்னலைத் தொடர்ந்தாள். ஆறு வருடமாக அந்த வாசலில் தினமும் நடக்கிற காரியம். ஒரு சைக்கிள்கூட அவளுக்காக இதுவரை வேகம் குறைத்ததில்லை.

கிளைட்டன் வேலைக்குப் போன பிறகு அந்தத் தலையை அவிழ்த்து, சிக்கெடுத்து, மறுபடி சீவிவிட்டவளும் முப்பிடாதிதான். அதைப் பார்க்க யாருக்கும் நேரம் இருக்கவில்லை.

முப்பிடாதிக்குச் சொந்த ஊர் ஆத்தூர். அப்பாவுக்கு வெற்றிலைக் கொடிக்காலில் வேலை. பன்னிரண்டாவது முடித்ததும் காலேஜுக்குப் போகவேண்டும் என்றாள். தூத்துக்குடிக்கு அனுப்புகிறோம் என்றார்கள். அனுப்பவும் செய்தார்கள், மருமகளாக. கணவன் செந்தூர்வேலுக்கு ஹார்பரிலிருந்து கண்டெய்னர் ஏற்றிப் போகும் டிரெய்லர் லாரி. மாதத்தில் நாலு நாள் கணவன், மீதி நாளெல்லாம் செல்போன். கத்தோலிக்கத் தெருவில் வாடகைக்குக் கிடைத்த அந்த வீட்டில் குடியேறி, இரண்டு பெண்களைப் பெற்று, முத்துஸ்ரீ என்றும் மகிஷா என்றும் பெயர் வைத்து, ஒரு கிரைண்டரை வாங்கிப்போட்டு, தெருவின் பாதி வீடுகளுக்கு இட்லி மாவு கொடுத்துக்கொண்டிருந்தாள். அவள் கொழுக்கட்டை அனுப்புவாள். கிறிஸ்மஸுக்கு அவளுக்குக் கேக் வரும். தெருவுக்கு அவளைப் பிடிக்கும். மாவு புளிக்காத வரை ரொம்பவே பிடிக்கும்.

அந்த வருடம் ஜூன் மாதம் கிளைட்டனின் மனைவி ஜெர்லினுக்கு மஸ்கட்டில் நர்ஸ் வேலை கிடைத்தது. இரண்டு வருட ஒப்பந்தம். கிளைட்டன் துறைமுகத்தை ஒட்டி ஒரு கண்டெய்னர் யார்டில் சூப்பர்வைசர். காலை எட்டரைக்குப் போனால் சாயங்காலம் ஆறரை ஆகும். "பிள்ளைய யாரு பாப்பா?" என்று ஜெர்லின் அழுதபோது தெருவே அவள் வீட்டில் கூடியிருந்தது. ஆக்னஸ் டீச்சர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "நாங்க இருக்கோம்லா?" என்றார். டிராவல்ஸ் வைத்திருக்கும் ஜாக்சன், "நாங்க இருக்கோம்லா சிஸ்டர்?" என்றான். அவன் மனைவியும், பின்வீட்டுக்காரர்களும், யாரென்றே ஜெர்லினுக்குத் தெரியாத இரண்டு பேரும் நாங்க இருக்கோம் என்றார்கள்.

யாரும் பொய் சொல்லவில்லை. எல்லாரும் இருந்தார்கள். அவரவர் வீட்டில் இருந்தார்கள்.

முப்பிடாதி அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. கிரைண்டரில் உளுந்து கிடந்ததால் சீக்கிரம் கிளம்பிவிட்டாள். மூன்றாம் நாள் காலை ஏழே முக்காலுக்கு கிளைட்டன் ஒரு கையில் பிள்ளையும் ஒரு கையில் பையுமாக அவள் வாசலில் நின்றான்.

"அக்கா, ரெண்டே ரெண்டு நாளைக்கு மட்டும். அதுக்குள்ள ஒரு ஏற்பாடு பண்ணிருதேன்."

"அதுக்கென்ன தம்பி, விட்டுட்டுப் போங்க. இதுகளோட இதுவும் கெடக்கட்டும்."

அந்த இரண்டு நாள் ஜூனில் ஆரம்பித்து ஜூலை, ஆகஸ்ட் என்று போய்க்கொண்டே இருந்தது. ஏற்பாடு என்று கிளைட்டன் சொன்னது இதைத்தான் என்று அவளுக்கு ஆகஸ்டு நடுவில்தான் புரிந்தது.

டெல்பினா லேசுப்பட்ட பிள்ளை இல்லை. சோற்றை வாயில் வாங்கி, கன்னத்தில் ஒதுக்கி, அரை மணி நேரம் வைத்திருந்து அப்படியே திருப்பித் தருவாள். கோபம் வந்தால் கடிப்பாள். மகிஷாவின் முழங்கையில் பல்வரிசை பதிந்த தடம் வாரக்கணக்கில் இருந்தது. தாய் போன ஏக்கத்தில் முதல் பதினைந்து நாள் பகலில் தூங்கவே இல்லை. ஒருநாள் முப்பிடாதி வேறு வழியில்லாமல் அவளை இடுப்பில் வைத்துக்கொண்டே கிரைண்டரைப் போட்டாள். கல் சுற்றும் அந்தக் கடகடச் சத்தத்தில் பிள்ளை ஐந்தே நிமிடத்தில் தோளில் சாய்ந்து உறங்கிப்போனது. அதிலிருந்து தினமும் பதினொரு மணிக்குக் கிரைண்டர் பக்கத்தில் ஒரு பாய். அரிசி இல்லாத நாளில் சும்மா தண்ணீர் ஊற்றிக்கூட ஓட்டினாள்.

கிண்ணத்தில் மீன் முள் எடுத்துப்போட்டு ஊட்டினாள். கால்சட்டையில் போகாமல் கக்கூஸுக்குக் கூட்டிப்போகச் சொல்லிப் பழக்கினாள். அதற்கு ஒரு மாதமும் எண்ணிலடங்காத கால்சட்டைகளும் ஆயின. பிள்ளை அவளை 'முப்பிம்மா' என்று கூப்பிட ஆரம்பித்தது.

கிளைட்டன் சாயங்காலம் வருவான். குளித்து, சென்ட் அடித்து, முப்பிடாதி ஏற்கனவே முகம் கழுவிப் பவுடர் போட்டு வைத்திருக்கும் பிள்ளையை வாங்கிக்கொண்டு கடற்கரைப் பூங்காவுக்குப் போவான். சறுக்கு மரத்தில் ஒரு போட்டோ, ஐஸ்கிரீமோடு ஒரு போட்டோ, கடலைப் பார்த்து இருவரும் முதுகு காட்டி நிற்கிற போட்டோ ஒன்று. பிறகு ஸ்டேட்டஸ்: 'அவளுக்கு நான், எனக்கு அவள்.' ராத்திரிப் பாடு அவனுடையதுதான், அதைக் குறைத்துச் சொல்லக்கூடாது. பிள்ளை பகலெல்லாம் ஆடிய களைப்பில் எட்டு மணிக்கே கட்டையாய்ச் சாய்ந்துவிடும்.

தெரு இரண்டு கண்ணாலும் கவனித்தது. ஒரு கண் கிளைட்டனுக்கு, மற்றது முப்பிடாதிக்கு. பிள்ளைக்குக் கன்னத்தில் சதை வைத்தால், "கிளைட்டன் கைப்பக்குவம்" என்றார்கள். பிள்ளைக்குச் சளி பிடித்தால், "ஏளா முப்பிடாதி, தண்ணியில வெளாட விட்டியா?" என்று கேட்டார்கள். மாவு வாங்க வரும் ஒவ்வொருவரும் பாக்கெட்டோடு ஒரு யோசனையும் இலவசமாகக் கொடுத்துவிட்டுப் போனார்கள். வெயிலில் விடாதே. வீட்டுக்குள்ளேயே பூட்டி வைக்காதே. முட்டை கொடு. முட்டை சூடு, கொடுக்காதே. "அடுத்தவ பிள்ளைல்லா, பாத்துச் செய்யி" என்று ஆக்னஸ் டீச்சர் வாரம் ஒருமுறை ஞாபகப்படுத்தினார். முப்பிடாதி மறந்துபோய்த் தன் பிள்ளை என்று நினைத்துவிடுவாளோ என்ற கவலை.

உள்ளதைத் தெரிந்து வைத்திருந்தவள் ஒருத்திதான். அவள் மஸ்கட்டில் இருந்தாள். தினமும் மத்தியானம் மூன்று மணிக்கு ஜெர்லின் முப்பிடாதிக்குத்தான் போன் போடுவாள்.

"அவியளக் கேட்டா போட்டோ அனுப்புதாவ அக்கா. போட்டோவுல எல்லாம் சிரிச்சுக்கிட்டுத்தான் இருக்கா. நீங்க சொல்லுங்க. சாப்பிட்டாளா? வெளிக்கு ஒழுங்காப் போனாளா?"

"நல்லா இருக்காட்டி. ரெண்டு தோசை தின்னா. நீ தின்னியா?"

ஜெர்லின் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்கும்.

செப்டம்பர் கடைசியில் அன்பிய விழா வந்தது. மாதா கோயில் பங்கில் ஒவ்வொரு தெருவுக்கும் ஓர் அன்பியம் உண்டு. முப்பது வீட்டுக்காரர்கள் வாரம் ஒருநாள் கூடி ஜெபம் சொல்லி, அண்டை அயலாருக்கு உதவுவது என்று ஏகமனதாக முடிவு செய்து, டீ குடித்துக் கலைவார்கள். அந்த வருடம் ஆண்டு விழாவில் 'சிறந்த தந்தை' என்று ஒரு ஷீல்டு கொடுப்பதென்று தலைவி ஆக்னஸ் டீச்சர் தீர்மானித்தார். யாருக்கு என்பதில் போட்டி ஒன்றும் இல்லை. சிறந்த தாய்க்கு ஷீல்டு உண்டா என்று விஜிலா கேட்டதற்கு, "அது எல்லாரும்தானே பாக்காவ, யாருக்குன்னு குடுக்க?" என்று டீச்சர் நியாயமாகவே பதில் சொன்னார்.

முப்பிடாதிக்கும் அழைப்பு வந்தது. பிள்ளையை வைத்துக்கொள்ள ஆள் வேண்டும். அப்புறம் சாயங்கால டிபனுக்குப் பத்துக் கிலோ மாவு.

விழா அன்று கடைசி வரிசை நாற்காலியில், மடியில் டெல்பினாவும் இரண்டு பக்கமும் தன் பெண்களுமாக உட்கார்ந்திருந்தாள். பங்குத்தந்தை ஷீல்டைக் கொடுத்தார். சால்வை போட்டார்கள். மைக் பிடித்த ஜாக்சனுக்கு டிவி பார்த்துப் பார்த்துப் பேட்டி எடுக்கும் ஆசை ஊறிப்போயிருந்தது.

"கிளைட்டன், சொல்லுங்க. பாப்பாவ எப்படித் தூங்க வைப்பீங்க?"

கிளைட்டன் சால்வையைச் சரிசெய்துகொண்டான். பிறகு கூட்டத்தைப் பார்த்து, "தாலாட்டுப் பாடுவேன்" என்றான்.

பெண்கள் பக்கம் உருகியது. முப்பிடாதிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது; முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். பத்து வயது முத்துஸ்ரீ, "எம்மா, கிரைண்டருதான் தாலாட்டா?" என்று கேட்டு அவள் தொடையில் ஒரு கிள்ளு வாங்கினாள்.

அதுவரைக்கும் ஒன்றும் இல்லை. ஷீல்டு மேல் அவளுக்கு ஆசை கிடையாது. அவள் வீட்டில் அதை வைக்க இடமும் கிடையாது. ஆனால் கிளைட்டன் நன்றி சொல்ல ஆரம்பித்தான். கடவுளுக்கு நன்றி. மாதாவுக்கு நன்றி. ஃபாதருக்கு, டீச்சருக்கு, மனைவிக்கு, யார்டு மேனேஜருக்கு நன்றி. சவுண்டு சர்வீஸுக்கும் நன்றி சொன்னான். பிறகு குரல் தழுதழுக்க, "யாரோட உதவியும் இல்லாம, ஒத்தை ஆளா இந்தப் பிள்ளைய..." என்றான். கைதட்டல் வாக்கியத்தை முடிக்கவிடவில்லை.

முப்பிடாதியின் சிரிப்பு முந்தானைக்குள்ளேயே செத்துப்போனது. மடியில் டெல்பினா அவள் தாலிச் சரட்டைச் சப்பிக்கொண்டிருந்தாள். எச்சிலைத் துடைத்துவிட்டாள். அவன் கெட்டவன் இல்லை என்று அவளுக்குத் தெரியும். வேண்டுமென்றும் சொல்லவில்லை. அவனுக்கு உண்மையிலேயே அப்படித்தான் தோன்றியிருக்கிறது. அதுதான் அவளைச் சுட்டது. குழாயில் தண்ணீர் வருகிறபோது குழாயை யார் நினைக்கிறார்கள்? 'யாரோட உதவியும் இல்லாம' என்கிற மூன்று வார்த்தை வீடு வரைக்கும் அவள் கூடவே நடந்து வந்தது.

மறுநாள் காலாண்டு விடுமுறை தொடங்கியது. ஆத்தூரில் தங்கை பிள்ளைக்குக் காதுகுத்து. டெல்பினாவை விட்டுவிட்டுப் போகமுடியாது என்று வரவில்லையென்று சொல்லி வைத்திருந்தாள். காலையில் தங்கைக்குப் போன் போட்டு, "நாங்க வாரோம்ட்டி" என்றாள்.

ஏழே முக்காலுக்கு கிளைட்டன் பையோடு வந்தபோது முப்பிடாதியும் பையோடு நின்றுகொண்டிருந்தாள். பெண்கள் இருவரும் புதுக் கவுனில் இருந்தார்கள். வீடு பூட்டியிருந்தது.

"என்னக்கா, எங்க கெளம்பிட்டிய?"

"ஆத்தூருக்குத் தம்பி. தங்கச்சி வீட்டு விசேசம். அஞ்சு நாள் ஆவும்."

"அஞ்சு நாளா? அப்போ பாப்பா..."

"யாரோட உதவியும் இல்லாமத்தானே இத்தன நாளும் வளத்திய? அஞ்சு நாளைக்கு என்ன?"

குரலை உயர்த்தாமல், பஸ் நேரம் சொல்வதுபோலத்தான் சொன்னாள். கிளைட்டனின் முகத்தில் முதலில் ஒன்றும் இல்லை. பிறகு மெல்ல, ஏதோ விளங்கியதுபோல, காது மடல் சிவந்தது. டெல்பினா கையை நீட்டி, "முப்பிம்மா, நானு" என்றாள். முப்பிடாதி பிள்ளையைத் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். பார்த்திருந்தால் பஸ் ஏறியிருக்கமாட்டாள்.

அடுத்து நடந்தவை எல்லாம் விஜிலா மூலம் போனில் வந்தன. விஜிலா வீட்டிலிருந்தே துணி தைக்கிறவள். கை மிஷினில் இருக்கும், கண் தெருவில் இருக்கும்.

"எக்கா, மொதல்ல டீச்சர் வீட்டுக்குத்தான் போனான். டீச்சருக்கு முட்டு வலி இன்னைக்குன்னு பாத்துக் கூடிப்போச்சாம். பிள்ளைக்காக ஜெபத்துல வச்சுக்கிடுதேன்னு சொல்லிட்டாவ. ஜாக்சன் வீட்டுல வெள்ளையடிக்காவளாம். போன மாசந்தான அடிச்சாவ! பின்வீட்டுல கதவே தொறக்கல, உள்ள டிவி ஓடுது. என்கிட்டயும் வந்தான்க்கா. பொய் சொல்லுவானேன், பத்துப் பள்ளிக்கூட யூனிபார்ம் கெடக்கு, ஒரு மணி நேரந்தான் வச்சிருந்தேன். அதுக்குள்ள ரெண்டு நூல் பாபின தூக்கி வாயில போட்டுட்டா."

அன்பியத்தின் வாட்ஸ்அப் குழுவில் கிளைட்டன் உதவி கேட்டிருக்கிறான். இருபத்தேழு பேர் கைகூப்பிய படம் போட்டார்களாம். கிளைட்டன் யார்டுக்கு லீவு சொன்னான். பதினொன்றரை மணிக்கு முப்பிடாதிக்கு அவனிடமிருந்தே போன் வந்தது. பின்னணியில் பிள்ளை உச்சஸ்தாயியில் கதறிக்கொண்டிருந்தது.

"அக்கா, தூங்க மாட்டிக்கா. என்ன செய்யணும்?"

"தாலாட்டுப் பாடுங்க தம்பி" என்று சொல்லிவிட்டு முப்பிடாதி போனை வைத்தாள்.

வைத்த பிறகு அவளுக்கும் சோறு இறங்கவில்லை. ஐந்து நிமிடம் பொறுத்து அவளே கூப்பிட்டு, கிரைண்டர் கதையைச் சொன்னாள். அவன் வீட்டில் கிரைண்டர் கிடையாது. மிக்ஸியைப் போட்டுப் பார்த்திருக்கிறான். பிள்ளை பயந்து கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. இரண்டாம் நாள், பிள்ளை கட்டிலில் மூன்று தடவை போய்விட்டது என்றும், தண்ணீர்த் தொட்டியில் தண்ணீர் தீர்ந்துவிட்டது என்றும், ஊற்றிக் கொடுத்த தோசை வட்டமாக இல்லையென்று தட்டோடு எறிந்துவிட்டது என்றும் தகவல் வந்தது. அன்று அவனுடைய ஸ்டேட்டஸில் படம் எதுவும் இல்லை. எடுக்க ஒரு கை வேண்டுமே.

மூன்றாம் நாள் காதுகுத்து. மத்தியானப் பந்தியில் முப்பிடாதி சாம்பார் வாளியோடு நின்றபோது பந்தல் வாசலில் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. கிளைட்டன். மூன்று நாள் தாடி, சட்டையில் மஞ்சள் கறை, நெஞ்சோடு துண்டால் கட்டிய டெல்பினா. பிள்ளை அவளைக் கண்டதும் துண்டுக்குள் இருந்தே வழுக்கி இறங்கி, ஓடிவந்து, வாளியையும் சேர்த்து அவள் காலைக் கட்டிக்கொண்டது.

ஆத்தூர்ச் சனத்துக்கு விவரம் தெரியாது. தங்கையின் மாமியார் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார்.

"ஆத்தாடி, இந்த வெயில்ல பச்சைப் பிள்ளையத் தூக்கிக்கிட்டு! பொண்டாட்டி வெளிநாட்டுலயா? ஒத்தை ஆம்பளயா இருந்து வளக்கியளோ? உங்களக் கையெடுத்துக் கும்புடணும் தம்பி!"

முப்பிடாதி வாளியைக் கீழே வைத்தாள். இங்கேயும் ஒரு ஷீல்டு இருக்கும்போலிருக்கிறது என்று நினைத்தாள்.

கிளைட்டன் இலைகளைப் பார்த்தான், சனத்தைப் பார்த்தான். பிறகு, "நான் வளக்கல அம்மா" என்றான். "இந்த அக்காதான் வளக்காவ. நான் சாயங்காலம் வாங்கிக்கிட்டுப் போவேன், அவ்வளவுதான்." அவன் குரல் மறுபடி தழுதழுத்தது; இந்தத் தடவை மைக் இல்லாததால் அது அவ்வளவு நன்றாகக் கேட்கவில்லை. "தப்பாப் பேசிட்டேன்க்கா. மைக்கப் புடிச்சதும் வாயில வந்தது எல்லாத்தயும்..."

"சவுண்டு சர்வீஸுக்குச் சொன்னியளே தம்பி."

"சொன்னேன்க்கா."

"அதான் மனசு ஆறல."

அவன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றான். அவளுக்குக் கோபம் முக்கால்வாசி போய்விட்டது. மீதிக் கால்வாசியை வைத்துக்கொண்டுதான் பேரம் பேசினாள். முதலில் அவனை உட்காரவைத்து இலை போட்டாள். அவன் சோற்றைத் தின்ற வேகத்தைப் பார்த்தால் மூன்று நாளாகத் தோசைக் கருகலைத்தான் தின்றிருப்பான் என்று தெரிந்தது. அவன் ரசத்துக்கு வந்ததும் சொன்னாள்:

"ஊருக்கு வாரேன். ஆனா இனி இப்படி: காலையில என் பிள்ளையளப் பள்ளிக்கூடத்துல விடுறது நீங்க. ரெண்டு பேரயும். சாயங்காலம் வந்ததும் போட்டோ புடிக்கப் போவக்கூடாது. கிரைண்டரையும் மாவுச் சட்டியளயும் கழுவிக் குடுக்கணும். ஞாயித்துக்கெழம பிள்ளைய என் வாசப்பக்கம் கொண்டாரக் கூடாது. மூணு பேரயும் நீங்கதான் பாக்கணும்."

"மூணு பேரயுமா?"

"நான் ஆறு நாள் பாக்கேன்."

கிளைட்டன் இலையை மடக்கினான். "சரிக்கா" என்றான்.

அவன் அதைச் செய்வான் என்று அவள் முழுசாக நம்பவில்லை. முதல் வாரம் மகிஷாவைத் தவறிப்போய் முத்துஸ்ரீயின் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டான். கிரைண்டர் கல்லைக் கழற்றத் தெரியாமல் அப்படியே குழாயடிக்குத் தூக்கிப்போய் இடுப்பைப் பிடித்துக்கொண்டான். ஆனால் மறுநாளும் வந்தான். ஒரு மாதத்தில் சட்டி கழுவுவதில் ஓரளவு தேறினான். ஞாயிற்றுக்கிழமைகளில் மூன்று பெண்களையும் வரிசையாக உட்காரவைத்துப் பேன் பார்த்தான். முப்பிடாதி கல்யாணத்துக்குப் பிறகு முதல் தடவையாக ஞாயிறு மத்தியானம் தூங்கினாள். எழுந்தபோது என்ன கிழமை என்றே அவளுக்குத் தெரியவில்லை. பயந்துபோய் உளுந்தை ஊறப்போட்டாள்.

இதில் மனம் நொந்த ஒரே ஆள் செந்தூர்வேல். தன் நாலு நாள் லீவில் வந்திருந்தவன், பக்கத்து வீட்டு ஆம்பிளை தன் வீட்டு மாவுச் சட்டியைக் கழுவுவதைப் பார்த்துவிட்டு, "அவன் ஏன்ளா இப்படிப் பண்ணுதான்? எங்களுக்கெல்லாம்லா சிக்கல்" என்றான். முப்பிடாதி கிரைண்டர் கல்லை அவன் முன்னால் கொண்டுவந்து வைத்தாள். அடுத்த மாதம் அவனுக்கு லீவு மூன்று நாளாகக் குறைந்தது. டிரிப் அதிகம் என்றான்.

மஸ்கட் போய்ப் பதிமூன்று மாதம் கழித்து, ஜூலைக் கடைசியில், மாதா கோயில் கொடியேறும் வாரத்தில் ஜெர்லின் நாற்பது நாள் லீவில் வந்தாள். பெட்டியெல்லாம் பொம்மை. டெல்பினாவுக்கு மூன்றரை வயது முடிந்திருந்தது. போனில் தினமும் பார்க்கிற அம்மா முழுசாக, கால்களோடு நிற்பதைப் பார்த்துப் பிள்ளை மிரண்டு, நேரே ஓடிப்போய் முப்பிடாதியின் சேலைக்குள் புகுந்துகொண்டது. பொம்மை வாங்கவும் வரவில்லை. ஜெர்லின் சிரித்துக்கொண்டே நின்றாள். கையில் இருந்த கரடியை எங்கே வைப்பதென்று தெரியாமல் கடைசியில் தன் தலையணைமேல் வைத்தாள்.

இரண்டு நாள் அப்படியே போயிற்று. சாப்பிட, தூங்க, விழுந்தால் அழ, எல்லாவற்றுக்கும் பிள்ளை பக்கத்து வாசலுக்கே ஓடிவந்தது. மூன்றாம் நாள் ஜெர்லின் முப்பிடாதியின் அடுப்படியில் வந்து உட்கார்ந்து, "பெத்தவள அடையாளம் தெரியலக்கா அவளுக்கு" என்று மட்டும் சொன்னாள்.

முப்பிடாதி யோசித்தாள். மறுநாள் காலை, மாவு பாக்கெட்டுகளை விஜிலா வீட்டில் கொடுத்து அங்கே விற்கச் சொல்லிவிட்டு, பெண்களைப் பள்ளிக்கூடம் அனுப்பிவிட்டு, வாசல் கதவை உள்ளே தாழ்ப்பாள் போட்டாள்.

ஒன்பது மணிக்குத் தட்டல் ஆரம்பித்தது. சின்னக் கை, கதவின் அடிப்பாகத்தில் தட்டியது.

"முப்பிம்மா... முப்பிம்மா... கதவத் தொற."

முப்பிடாதி கதவுக்கு இந்தப் பக்கம் சுவரில் சாய்ந்து, புடைக்க வேண்டிய உளுந்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தட்டல் உதையாயிற்று. உதை அழுகையாயிற்று. அழுகை அடங்கி, கதவு இடுக்கு வழியாக ஒரு விரல் மட்டும் உள்ளே வந்து துழாவியது. அவள் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். தொடவில்லை. பிறகு ஜெர்லின் வந்து தூக்கிப்போனாள்.

இரண்டாம் நாளும் இதேதான். மூன்றாம் நாள் ஒரே ஒரு தடவை தட்டியது. தெருவில் பேச்சு எழும்பிவிட்டது. ஆக்னஸ் டீச்சர் ஜன்னல் பக்கம் வந்து நின்று உள்ளே குரல் கொடுத்தார்.

"என்னளா முப்பிடாதி, தாய் வந்துட்டான்னு பிள்ளையக் கழட்டி விட்டுட்டியாமே? அந்தப் பச்சை மண்ணு கதவுல கெடந்து அழுதே, கல்லா உன் மனசு? தன் பிள்ளைன்னா இப்படிச் செய்வியா?"

"ஆமா டீச்சர்" என்றாள் முப்பிடாதி. "மாவு விஜிலா வீட்டுல இருக்கு, வாங்கிக்கிடுங்க."

நான்காம் நாள் தட்டல் இல்லை. பக்கத்துச் சுவர் வழியாக, சோறு வாயில் ஒதுக்கி வைத்ததற்காக ஜெர்லின் மகளை அதட்டுவது கேட்டது. பிறகு அதட்டல் கெஞ்சலானது, கெஞ்சல் கதையானது, கதைக்கு நடுவே பிள்ளையின் சிரிப்பு கேட்டது. முப்பிடாதி சுவரில் காதை வைத்துக் கேட்டாள். அன்றைக்கு நாள் முழுக்க அவளுக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. அரிசியை இரண்டு தடவை கழுவினாள்.

எட்டாம் நாள் சாயங்காலம் ஜெர்லின் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து, "அக்கா, தொறங்க" என்றாள். முப்பிடாதி கதவைத் திறந்தாள். கிளைட்டன் பின்னால் நின்றான், கழுவ வேண்டிய சட்டி ஏதும் இருக்கிறதா என்று கேட்கிற முகத்தோடு.

"டெல்பி, யாருன்னு பாரு" என்றாள் ஜெர்லின்.

முப்பிடாதி கையை நீட்டினாள். பிள்ளை அவளை ஏற இறங்கப் பார்த்தது. உதடு பிதுங்கியது. பிறகு வெடுக்கென்று முகத்தைத் திருப்பி, அம்மாவின் கழுத்தில் புதைத்துக்கொண்டு, "போ. உன்கூட டூ" என்றது.

ஜெர்லினுக்கு ஒரே சங்கடமாகிவிட்டது. "ஏய், அப்படிச் சொல்லக் கூடாது! மன்னிச்சிருங்க அக்கா, கோவமா இருக்கா."

"இருக்கட்டும், இருக்கட்டும். உன்னய விட்டு எறங்கலல்லா? அது போதும்" என்று முப்பிடாதி சிரித்தாள். "உள்ள வாங்க. தோசை ஊத்துதேன்."

அடுப்பைப் பற்றவைக்கிறேன் என்று உள்ளே போனவள், தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு, கொஞ்ச நேரம் முகத்தைக் கழுவிக்கொண்டே நின்றாள்.